அது கரிசலாங்கண்ணி இல்லை

பாளையங்கோட்டையில் நான் குடியிருக்கும் வீட்டு மாடியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுகிற மூலையில், காது உடைந்த பச்சை வாளி ஒன்றில், ஒரு படர்கொடியை வளர்த்துவந்தேன். வேலைக்குப் போகிற வழியில் ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரிலிருந்து வழிந்து தொங்கியதைக் கத்தரித்துத் தெருவில் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டைக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்து ஊன்றினேன். ஒரு மழைதான் பெய்தது, கொடி வாளியை நிறைத்துவிட்டது. எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும் இலை. குட்டிச் சூரியகாந்தி போல மஞ்சள் பூ.

நான் கடற்கரைக்காரி. அப்பாவும் சித்தப்பாமாரும் கடலுக்குப் போனவர்கள். எங்கள் ஊரில் பச்சை என்றால் தென்னையும் மணலில் ஓடுகிற அடும்பங்கொடியும்தான். கூடையில் கிடக்கும் மீனில் எது எது என்று சின்ன வயதிலேயே சொல்லிவிடுவேன். செடி கொடி பற்றி ஒன்றும் தெரியாது. கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து இங்கே வந்து, தனியாக வீடு எடுத்து, மாடியில் ஆளில்லாமல் கிடந்த சிமெண்டுத் தரையைப் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல் ஆரம்பித்ததுதான் இந்தத் தொட்டியும் மண்ணும்.

தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மாடித்தோட்டக்காரர்களின் முகநூல் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். பச்சை வாளியைப் படம் பிடித்துப் போட்டு, இது என்ன செடி என்று கேட்டேன். போட்ட கையோடு ஒருவர் பதில் எழுதிவிட்டார். மஞ்சள் கரிசலாங்கண்ணியாம். ஈரலுக்கு நல்லதாம், கீரையாகச் சமைத்துச் சாப்பிடலாமாம். அந்தப் பதிலுக்குக் கீழே இதயமும் கைகூப்பும் வந்து குவிந்தன. மறுநாள், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் நிதானமாக மறுத்து எழுதினார். இலையின் இரண்டு பக்கமும் பல் போலப் பிரிந்து மூன்று மடலாக இருப்பதைப் பாருங்கள், மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை பிரியாமல் நீளவாக்கில், மினுக்கம் இல்லாமல், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் என்றார். இது அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வேறு செடி, அதற்குச் சொந்தக்காரச் செடி என்று வேண்டுமானால் சொல்லலாம், தரையில் விட்டால் இடத்தைப் பிடித்துவிடும், வாளியிலேயே இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தார். அதற்கு விருப்பக்குறி போட்டது நான் ஒருத்திதான். அவருக்கு நன்றி சொன்னேன். செடியை வாளியிலேயே வைத்துக்கொண்டேன். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து என் சிநேகிதி போன் பண்ணினாள். சிநேகிதி என்றாலும் என்னைவிட மூத்தவள். எங்கள் கோர்ட்டிலேயே தலைமை எழுத்தராக இருந்து, அப்பா காலமான பிறகு வேலையை விட்டுவிட்டு, அவர் வைத்துவிட்டுப் போன வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போனவள். ஒரு காலத்தில் ஆற்றங்கரையில் ஏகப்பட்ட நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம். இப்போது மிஞ்சியிருப்பது வாய்க்காலை ஒட்டிய அந்த ஒரு தோட்டம்தான். அவளை நான் அக்கா என்பேன். அவள் என்னை ஏட்டி என்று கூப்பிடுவாள்.

வாய்க்கால் கரை பூராவும் தங்கமாகப் பூத்துக் கிடக்கிறது, வந்து பார் என்றாள். கூடவே ஒரு படமும் அனுப்பினாள். அவள் சொன்னது பொய்யில்லை. கரையின் இரண்டு பக்கமும் மஞ்சள். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று எங்கேயோ துண்டு வாங்கி அவளே ஊன்றியதாம். மூலிகை வாங்குகிறவர் ஒருவர் தூத்துக்குடியில் இருக்கிறாராம், இன்னும் கொஞ்சம் பரவட்டும் என்று காத்திருக்கிறாளாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, வாட்ஸாப்பில் வந்த ஒரு வீட்டுத்தோட்டப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினாள்.

திறந்தேன். முகப்பிலேயே காது உடைந்த என் பச்சை வாளி இருந்தது. பின்னால் என் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. ஓரத்தில் நான் கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பு. மேலே பெரிய எழுத்தில், வீட்டுக்கு வீடு மஞ்சள் கரிசலாங்கண்ணி. கீழே எப்படி ஊன்றுவது, எப்படிச் சமைப்பது, மஞ்சள்காமாலைக்கு எப்படி அரைத்துக் குடிப்பது என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். குழுவில் வந்த முதல் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாவது பதிலை விட்டிருக்கிறார்கள்.

உடனே அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "ஒன் வாளிதானா அது? நல்லதாப் போச்சு. ஒன்னாலதான் எங்கரை பச்சையா இருக்குன்னு சொல்லிக்கிடுதேன்."

அது கரிசலாங்கண்ணி இல்லையக்கா என்று இலையின் கணக்கை விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை. அவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவராவது சொல்லியிருக்க மாட்டாரா என்றாள். அந்தக் கீரையைப் பருப்புப் போட்டு ஒரு தரம் சமைத்தும் பார்த்தாளாம். ருசி சரியில்லை என்று வீட்டுக்காரர் தட்டை நகர்த்திவிட்டாராம். மருந்துக் கீரை அப்படித்தான் இருக்கும் என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நான் அந்தப் பக்கத்துக்கு, படம் என்னுடையது, பெயர் தவறு, எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் அவளிடமிருந்து மறுபடியும் போன் வந்தது. இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது. ஐகிரவுண்டில் பெரியாஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன், கொஞ்சம் வந்துவிட்டுப் போ என்றாள். கோர்ட்டில் அனுமதி கேட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனேன். மருந்துச்சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். வெயிலில் நடந்து வந்தவள் போல முகம் வாடியிருந்தது.

அவள் தோட்டத்தில் களை எடுக்க வரும் பெண்ணின் புருஷனுக்கு மஞ்சள்காமாலை. கண் மஞ்சளாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது, இவள்தான் வாய்க்கால் கரையிலிருந்து ஒரு மடி நிறையப் பறித்துக் கொடுத்து, அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடு என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுத்தோட்டப் பக்கத்தில் போட்டிருந்தபடியே சொல்லியிருக்கிறாள். அவர்களும் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் படுக்கையை விட்டு எழவில்லை, பேச்சும் குழறியது. அதற்குப் பிறகுதான் வண்டி பிடித்து இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

"உள்ள போகமுடியலட்டி. அவ மொகத்தப் பாக்கமுடியல" என்றாள்.

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த மனிதர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரித்தேன். அந்த இலையால் கெட்டதா, இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லையாம். இலையை நம்பி நாளைக் கடத்தியதுதான் பெரிய தப்பு, முதலிலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றாராம். இப்போது பிழைத்துக்கொள்வார், ஆனால் நாள் ஆகும்.

என் சிநேகிதி வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே பேசிவிட்டாள்.

"நீங்க வேணும்னு செய்யலம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா கரையில அது இன்னும் அங்கனயேதான் நிக்குது."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கிக் கொடுத்தேன். சிநேகிதி குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு, சனிக்கிழமை வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை தொடங்கி, அதற்குப் பிறகு வந்த சனி ஞாயிறெல்லாம் எனக்கு ஸ்ரீவைகுண்டத்தில்தான் கழிந்தது. காலை பஸ்ஸில் போய் இறங்கினால் வாய்க்கால் கரை. பிடுங்கினால் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். அந்தக் கொடி அப்படி வரவில்லை. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டிருந்தது. இழுத்தால் பாதியில் அறுந்து, அறுந்த துண்டு அங்கேயே பிழைத்துக்கொண்டது. மம்பட்டியால் வெட்டிப் பார்த்தோம். வெட்டிய துண்டெல்லாம் ஈரத்தில் முளைத்தது. கடைசியில் குந்தியிருந்து, கணுக் கணுவாக விரலை விட்டுத் தோண்டி எடுப்பது ஒன்றுதான் வழி என்று புரிந்தது. எடுத்ததை வாய்க்காலில் விழாமல் சாக்கில் போட்டு, களத்தில் தார்ப்பாய் விரித்துக் காயவைத்து, சருகான பிறகுதான் எரித்தோம். ஒரு துண்டு தண்ணீரோடு போனாலும் கீழே இருக்கிற தோட்டக்காரர் கரையில் ஏறிவிடும். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று என் சிநேகிதி பிடிவாதமாக இருந்தாள். இடுப்பு வலிக்கிறது என்று நான் நிமிரும்போதெல்லாம் அவள் குனிந்தபடியேதான் இருப்பாள்.

புருஷனுக்குக் கொஞ்சம் தெளிந்து, பார்த்துக்கொள்ள அவர் தங்கை வந்த பிறகு, அந்தப் பெண்ணும் வந்து எங்களோடு உட்கார்ந்தாள். கூப்பிடாமலே வந்தாள். கூலி வேண்டாம் என்றாள். என் சிநேகிதி அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேலை வேலைதான், வாங்காவிட்டால் நீ கரைக்கே வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்தது அந்தச் சண்டையிலிருந்துதான்.

இன்னொரு பக்கம் என் வேலை போனில் நடந்தது. கோர்ட்டில் ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்தால் திரும்பத் திரும்பப் படிப்பேன். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் அடுத்தவன் நிலம் ஏலத்துக்குப் போய்விடும். தப்பென்று தெரிந்த தாளைக் கையெழுத்துக்கு வைக்க எனக்கு வராது. என் வாளிப் படத்தின் மேல் தப்பான பெயர் நிற்பதும் அப்படித்தான் உறுத்தியது. அந்தப் பக்கத்தை நடத்துகிறவரின் எண்ணை எப்படியோ பிடித்தேன்.

இளவயதுக் குரல். மரியாதையாகத்தான் பேசினார். சென்னையில் இருந்தார், வீடியோ வெட்டி ஒட்டுவது தொழிலாம். செடி பற்றித் தனக்கு எதுவும் தெரியாது, குழுக்களில் நன்றாக ஓடுகிற விஷயங்களை எடுத்துத் தொகுத்துப் போடுவதாகச் சொன்னார்.

"மேடம், அது ரொம்பப் பழைய போஸ்ட். ஆனா இன்னிக்கும் நல்லாப் போய்ட்டிருக்கு. எடுத்துட்டா பேஜுக்கு அடி விழும். நீங்க சொல்றத கீழ கமெண்ட்ல போட்டுடறேன்."

கமெண்டை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். அந்தக் கல்லூரி ஆசிரியர் மறுநாளே சரியான பதிலைக் கீழேதான் எழுதினார், நீங்களே அதைப் பார்க்கவில்லையே என்றேன். ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதரைப் பற்றியும் சொன்னேன். வருத்தப்பட்டார். ஆனால் எடுக்கவில்லை. நான் விடவில்லை. வாரத்தின் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு என் போன் போகும். சில தடவை எடுத்தார், சில தடவை எடுக்கவில்லை. கோபமாக ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. பேசியிருந்தால் எண்ணைத் தடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதற்கிடையில் அந்தக் கல்லூரி ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். என் தெருவிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவர் கல்லூரி இருந்தது. மூலிகைத் தோட்டத்திலிருந்து உண்மையான மஞ்சள் கரிசலாங்கண்ணியில் ஒரு கிளை ஒடித்துக் கொடுத்தார். மூன்று மடல் இலையையும் இந்த நீள இலையையும் ஒரே வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வைத்த பிறகு யாரும் குழம்பவே முடியாது. தனித்தனியாகப் பார்த்தால்தான் குழப்பம்.

வாய்க்கால் கரையில் கடைசிப் பகுதியைத் தோண்டிக்கொண்டிருந்த ஒரு நாள், நான் போனில் வீடியோ எடுத்தேன். எனக்கு ஒரு நினைவுக்காகத்தான். அந்தப் பெண் நிமிர்ந்து, எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டாள். சென்னைக்காரரைப் பற்றி அதுவரை அவளிடம் சொன்னதில்லை. சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்தாள். பிறகு, என் மூஞ்சியைக் காட்டாமல் கையை மட்டும் எடு, நான் பேசுகிறேன் என்றாள்.

மண் ஒட்டிய கையில் ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"இதத்தான் எங்கையால அரச்சி எம்புருஷனுக்குக் குடுத்தேன். இது கரிசலாங்கண்ணி இல்ல. கரிசலாங்கண்ணின்னு போட்டிருந்ததப் பாத்துக் குடுத்தது. போட்டவருக்கு இது தெரியாது, சரி. இப்பத் தெரிஞ்சி போச்சுல்லா. இனி எடுத்துருங்க. காமாலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க. படத்தப் பாத்து யாரும் எதையும் அரைக்காதீங்க."

அதைச் சென்னைக்காரருக்கு அனுப்பினேன். அன்று சாயங்காலமே அவரே கூப்பிட்டார். முதல் தடவையாக அவர் என்னைக் கூப்பிட்டது. ரொம்ப நேரம் பேசவில்லை. இந்த வீடியோவைத் தன் பக்கத்தில் போடலாமா என்று கேட்டார். பழையதை எடுத்தால் போடலாம் என்றேன். தலைப்பில், நாங்கள் தவறாகச் சொன்னோம் என்று இருக்கவேண்டும், இரண்டு இலையும் உள்ள என் படம் முகப்பில் இருக்கவேண்டும் என்றும் சொன்னேன். அந்தப் பெண்ணிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்ட பிறகுதான் சரி என்றேன். பழையது போய்விட்டது. புதியது வந்தது. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

பழையதைப் பார்த்த கூட்டம் புதியதைப் பார்க்க வரவில்லை. அது எனக்கு ஏமாற்றமாக இல்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பெரிய தலைவலி, என் பச்சை வாளி அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. வேறு பக்கங்கள், வேறு குழுக்கள், ஒரு விதை விற்கிற கடையின் விளம்பரம். ஒன்றில் வாளியின் நிறத்தைக்கூட நீலமாக மாற்றியிருந்தார்கள். உடைந்த காதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரே வாசகத்தை எல்லா இடத்திலும் ஒட்டினால் குப்பைச் செய்தி என்று முகநூலே தள்ளிவிடுகிறது. அதனால் ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதுகிறேன். டைப்பிஸ்டுக்கு அது ஒரு வேலையா? சிலர் எடுக்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்வதில்லை. கண்டுகொள்ளாதவர்களுக்குத் திரும்பவும் எழுதுகிறேன்.

பிசானத்துக்குத் தண்ணீர் வந்தபோது கரை வெறும் மண்ணாக இருந்தது. அங்கங்கே ஒன்றிரண்டு துளிர் தலைகாட்டியது. என் சிநேகிதி தினமும் காலையில் கரையோடு நடந்து பார்த்துக் கிள்ளிவிடுகிறாள். களை எடுக்க வரும் பெண்ணின் புருஷன் உடம்பு தேறி, முதலில் வீட்டோடு இருந்து, பிறகு பைய வேலைக்குத் திரும்பினார். இப்போது என் சிநேகிதியின் தோட்டத்திலேயே வாழைத்தார் வெட்டுகிறார். என்னைப் பார்த்தால் தலையை ஆட்டுவார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

போன மாசம் ராதாபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எனக்கு எழுதினாள். அந்தப் புதிய வீடியோவைப் பார்த்தவள். கிணற்றடியில் தொட்டியில் ஒரு செடி வைத்திருக்கிறாள், மாமியாருக்குக் கீரையாகக் கொடுத்துவருகிறாள், இப்போது பயமாக இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று படமும் அனுப்பியிருந்தாள். வெயிலில் எடுத்த படம், இலை சரியாகத் தெரியவில்லை. பூ மஞ்சளாக இருந்தது. இதுவும் அதுதான், பிடுங்கிவிடு என்று எழுதுவதற்கு விரல் போய்விட்டது. எழுதவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன், ஒரு கிளையோடு நேரில் வந்துவிடுங்கள், அதுவரை சமைக்காதீர்கள் என்று சொன்னேன்.

அவள் பஸ் ஏறி வந்துவிட்டாள். கல்லூரி ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இலையைத் தடவிப் பார்த்து, பூவைப் பிரித்துப் பார்த்து, லென்ஸ் வைத்தும் பார்த்தார். "இது சரியான செடிதான்மா. தைரியமா வச்சுக்கோங்க" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பதில் சிரிப்பு வரக் கொஞ்ச நேரம் ஆனது. அவளைப் புதிய பஸ்நிலையத்தில் ஏற்றிவிட்டு, கோர்ட்டுக்குத் திரும்பி, இரண்டு மணிக்குத் தட்டச்சுக்கு வரவேண்டிய தாள்கள் இன்னும் வரவில்லை என்று தெரிந்ததும், என் வாளிப் படத்தை இன்னும் எடுக்காத விதைக்கடைக்காரருக்கு இன்னொரு தடவை எழுதினேன்.